தொர்தோஞ் பள்ளத்தாக்கில் கிராமத்து விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்குக் கிழக்கே இருக்கும் தொர்தோஞ் மாவட்டத்துக்கு விடுமுறையில் போக நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, விடைகளை எழுதியிருக்கிறேன். உள்ளூர்க்காரர்கள் இந்தப் பகுதியைப் பழைய பெயரால் பெரிகோர் என்றும் சொல்வார்கள்; இரண்டும் ஒரே நிலந்தான்.

பிரான்ஸ் என்றால் பாரிஸ்தானே? கிராமத்தில் போய் ஒரு வாரம் என்ன செய்வது?

தொர்தோஞ் ஆறும் அதில் லிமய் என்ற ஊரருகே வந்து கலக்கும் வெஸேர் ஆறும் சுண்ணாம்புப் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. அந்தப் பாறைகளின் உள்ளே வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் ஓவியம் தீட்டிய குகைகள் இருக்கின்றன. உச்சியில் இடைக்காலக் கோட்டைகள் நிற்கின்றன. அடிவாரத்தில் மஞ்சள் கல்லால் கட்டிய ஊர்கள் ஆற்றை ஒட்டி நீள்கின்றன. வெஸேர் பள்ளத்தாக்கின் குகைகள் 1979-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. தொர்தோஞ் ஆற்றுப் படுகை முழுவதும் 2012-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

காலையில் ஒரு குகை, மாலையில் ஆற்றில் படகு, மறுநாள் சந்தை, அதற்கடுத்த நாள் காட்டுப் பாதையில் நடை என்று ஒரு வாரம் எளிதாகப் போய்விடும். பல மாவட்டங்களை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, இந்த ஒரு பள்ளத்தாக்கில் தங்கி நிதானமாகப் பார்ப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் விடைகள் பலவும் அதையே அடிப்படையாகக் கொண்டவை.

மூன்று நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாதா?

வரைபடத்தில் தூரங்கள் குறைவாகத்தான் தெரியும். சார்லா என்ற நகரை நடுவாக வைத்துக்கொண்டால் லா ரோக் கஜாக் என்ற ஆற்றங்கரை ஊர் ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தொல்பழங்கால ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற லாஸ்கோ குகை இருக்கும் மோந்தின்யாக் ஏறத்தாழ 25 கி.மீ. ஆனால் சாலைகள் குறுகலானவை, வளைவுகள் மிகுந்தவை. குகைகளுக்கு நேரம் குறித்த அனுமதிச் சீட்டு வேறு வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிட்டால், இரண்டாவது இடத்துக்கு மூச்சு வாங்க ஓடி வந்து எதையும் சரியாகப் பார்க்காமல் திரும்புவீர்கள். மூன்று நாள்தான் இருக்கிறதென்றால் ஒரு குகை, ஒரு கோட்டை, சார்லா சந்தை, ஆற்றில் ஒரு அரை நாள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களும் மிகச் சிறந்தவை. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை தொடக்கம் முதல் ஆகஸ்ட் இறுதிவரை பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை என்பதால் கூட்டமும் விலையும் ஏறும். வெயில் சில நாட்களில் 35 டிகிரியைத் தாண்டும். மாலையில் திடீரென்று இடிமழையும் வரும். இருந்தாலும் கிராமத்து இரவுச் சந்தைகள் அந்த இரண்டு மாதங்களில்தான் மும்முரமாக நடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்காக ஜூலையில்தான் போக முடியும் என்றால், வெளி வேலைகளைக் காலை பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு நடுப்பகலைக் குகைகளுக்கு ஒதுக்குங்கள். வெளியே எவ்வளவு கொதித்தாலும் உள்ளே சுமார் 13 டிகிரிதான் இருக்கும். மேல்சட்டை மறக்க வேண்டாம். குளிர்காலத்தில் பல இடங்கள் மூடியிருக்கும்.

விசாவுக்குக் கிராமத்து வீட்டு முகவரி போதுமா? பாரிஸில் சித்தப்பா வீட்டிலும் சில நாள் தங்குவோம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் விண்ணப்பித்திருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

தங்கும் எல்லா இரவுகளுக்கும் சான்று காட்ட வேண்டும். வாடகை வீட்டுக்கு முன்பதிவுத் தாள் போதும். சித்தப்பா வீட்டில் தங்கும் நாட்களுக்கு, அவர் தம் ஊர் நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கும் விருந்தினர் உறுதிச் சான்றிதழ் தேவைப்படும்; வெறும் அழைப்புக் கடிதம் அதற்கு ஈடாகாது. அந்தச் சான்றிதழ் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

பாரிஸிலிருந்து ரயிலில் போனால் போதாதா? கார் கட்டாயம் வேண்டுமா?

ரயிலில் போய்ச் சேரலாம். பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து வட்டார ரயில் பெர்ஷராக் வழியாகச் சார்லாவுக்கு வருகிறது. அல்லது பாரிஸின் ஓஸ்தெர்லிஸ் நிலையத்திலிருந்து பிரீவ் நகருக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். பிரீவிலிருந்து சார்லா ஏறத்தாழ 50 கி.மீ. குகைகள் சூழ்ந்த லே செசி ஊரிலும் ஒரு சிறிய ரயில் நிலையம் உண்டு. பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்குப் பெர்ஷராக் விமான நிலையம் வசதியானது.

ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு ஊர்விட்டு ஊர் போகப் பேருந்துகள் மிகக் குறைவு. ஆகவே போர்தோ அல்லது பிரீவ் வரை ரயிலில் போய், அங்கே கார் வாடகைக்கு எடுப்பதையே எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். பாரிஸிலிருந்தே ஓட்டி வருவது ஒரு பகல் முழுவதையும் தின்றுவிடும். கார் ஓட்டவே முடியாதவர்கள் சார்லாவுக்குள் தங்கி, மிதிவண்டியும் டாக்ஸியுமாகச் சமாளிக்கலாம். பார்க்கும் இடங்கள் குறையும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் லைசென்ஸ் அங்கே செல்லுமா? சாலை விதிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

குறுகிய காலப் பயணிகள் தங்கள் நாட்டு உரிமத்தோடு ஓட்டலாம். ஆனால் அது பிரெஞ்சு மொழியில் இல்லாவிட்டால் கூடவே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டோ முறையான மொழிபெயர்ப்போ இருக்க வேண்டும். இந்தியாவில் அந்தச் சீட்டை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேளுங்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பின்னிருக்கையில், அவர்களுக்குரிய இருக்கையில்தான் உட்கார வேண்டும்.

வலப்பக்கம் ஓட்டுவது இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது வலப்பக்க முன்னுரிமை: எந்தப் பலகையும் கோடும் இல்லாத சந்திப்பில், வலப்புறத்துச் சிறு சந்திலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். மஞ்சள் வைர வடிவப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. சிவப்பு விளிம்பிட்ட ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டியதும், வேறு எண் எழுதியிருந்தாலொழிய, வேக வரம்பு 50 கி.மீ.; அதே பெயரைக் குறுக்குக் கோட்டால் அடித்த பலகை வரும்போது அந்த வரம்பு முடிகிறது. ஊருக்கு வெளியே பொதுவாக 80. சில சாலைகளில் 90 என்று எழுதியிருக்கும்.

‘ஜீத்’ என்கிறார்களே, அது ஹோட்டலா?

இல்லை. அது சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் முழு வீடு. பெரும்பாலும் பழைய பண்ணை வீட்டைப் புதுப்பித்து விடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சனிக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை என்றுதான் பலரும் வாடகைக்குத் தருவார்கள். படுக்கை விரிப்பு, துண்டு, கிளம்பும்போது வீட்டைச் சுத்தம் செய்வதற்கான கட்டணம் ஆகியவை வாடகைக்குள் அடங்குகின்றனவா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பயணி வரி என்று ஒரு சிறு தொகையும் சேரும்.

ஓரிரு இரவுகளுக்கு, வீட்டுக்காரர்களே தங்கள் வீட்டில் அறை விட்டுக் காலை உணவும் தரும் ‘ஷாம்ப்ர தோத்’ பொருத்தமானது. குடும்பமாக வந்து நம் சமையல் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு ஜீத்தான் சரி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பட்டினி இல்லை, ஆனால் கவனம் மிகவும் தேவை. இது வாத்துக்குப் பேர்போன நிலம், வாத்துக் கொழுப்பு எண்ணெய்க்குப் பதிலாகவே புழங்குகிறது. சார்லா உருளைக்கிழங்கு என்று பட்டியலில் இருப்பதைச் சைவம் என்று நம்பி வாங்குகிறார்கள். அது வாத்துக் கொழுப்பில் பூண்டு சேர்த்து வறுத்தது. தூரென் என்ற பூண்டுச் சூப்பிலும் அதே கொழுப்பு இருக்கும். பெரிகோர் சாலட்டில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள் இருக்கும். மற்ற சாலட்களிலும் பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவியிருக்கலாம். பாலாடைக் கட்டியிலும் கண்டிப்பானவர்களுக்குச் சிக்கல் உண்டு: பாரம்பரியக் கட்டிகள் பலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்க்கிறார்கள்.

மறுபக்கம், இந்த மண்ணின் காய்கனிகள் அருமையானவை. பெரிகோர் அக்ரூட்டுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் தனிப் பெயர் உண்டு. அக்ரூட் எண்ணெய் ஊற்றிய தக்காளி, சூடான ரொட்டி, சீமைப் பிளம் பழங்கள் என்று சந்தையிலிருந்தே ஒரு நல்ல மதிய உணவு சேர்ந்துவிடும். முட்டை சாப்பிடுபவர்களுக்குச் செப் என்ற காட்டுக் காளான் போட்ட ஆம்லெட் கிடைக்கும். எதில் பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். மாலை உணவையும் தரும் வீட்டு அறைகளில் தங்குவதானால், முன்பதிவின்போதே இறைச்சி, மீன், விலங்குக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் மீன் வரக்கூடும்.

அப்படியானால் ஊரிலிருந்தே கறிவேப்பிலை, நெய், பருப்பு எல்லாம் எடுத்துப்போகலாமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். பச்சைக் காய்கறி, பழம், இலை ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்குத்தான் விலக்கு. ஆகவே கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். பாரிஸ் வழியாக வருபவர்கள் லா ஷப்பேல் பகுதியின் தமிழ்க் கடைகளில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை அனைத்தையும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறலாம். சார்லாவில் பெரிய பல்பொருள் கடைகள் உண்டு, ஆனால் நம் சமையலுக்கு வேண்டிய எல்லாமும் அங்கே கிடைக்காது.

மதியம் போனால் கடையெல்லாம் மூடிக் கிடக்கிறதே, ஏன்?

சிற்றூர்க் கடைகள் பன்னிரண்டரை மணிவாக்கில் மூடி இரண்டு, இரண்டரைக்குத் திறக்கும். உணவகங்களில் மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரவு உணவு ஏழு மணிக்கு முன் கிடையாது, ஒன்பதரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஞாயிறு பிற்பகலிலும் பல இடங்களில் திங்கட்கிழமையிலும் கடை இருக்காது. சனிக்கிழமை மாலையே இரண்டு நாளுக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிடுங்கள். உணவகத்தில் குழாய்த் தண்ணீர் இலவசம். ‘கராஃப் தோ’ என்று கேட்டால் கூஜாவில் கொண்டுவந்து வைப்பார்கள்.

சார்லாவின் பெரிய சந்தை புதன், சனிக் கிழமைகளில் காலையில் கூடுகிறது. எட்டரைக்குள் போய்விட்டால் வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்கும், வியாபாரிகளுக்குப் பேசவும் நேரம் இருக்கும். பழைய புனித மரியாள் தேவாலயத்துக்குள் இருக்கும் கூரைச் சந்தையின் பிரம்மாண்டமான கதவுகளை அமைத்தவர், அந்த ஊரில் வளர்ந்த கட்டடக் கலைஞர் ழான் நூவெல். நகரின் பழைய தெருக்கள் இவ்வளவு முழுமையாக எஞ்சியிருப்பதற்குக் காரணம் 1962-இல் வந்த மால்ரோ சட்டம். பழைய நகரப் பகுதிகளை இடிக்காமல் புதுப்பிக்க வகைசெய்த அந்தச் சட்டம் முதன்முதலில் செயல்பட்ட ஊர்களில் சார்லாவும் ஒன்று.

லாஸ்கோ குகை அசல் இல்லையாமே? நகலைப் பார்க்கவா பணம் கொடுப்பது?

அசல் குகையை 1940 செப்டம்பர் 12 அன்று மார்செல் ரவிதா என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் கண்டுபிடித்தார்கள். 1948 முதல் பொதுமக்கள் உள்ளே போனார்கள். நாளும் வந்த கூட்டத்தின் மூச்சுக்காற்றிலிருந்த கரியமில வாயுவும் ஈரமும் சூடும் சேர்ந்து, சுவரில் பச்சைப் பாசி படரவும் ஓவியங்களின் மேல் கால்சைட் என்ற வெண்ணிறச் சுண்ணாம்புப் படிகம் படியவும் காரணமாயின. பல்லாயிரம் ஆண்டுகள் இருட்டில் பத்திரமாக இருந்தவை பதினைந்தே ஆண்டுகளில் அழியத் தொடங்கியதால், 1963-இல் குகையை மூடினார்கள். இன்றும் அது மூடியே இருக்கிறது, இருக்க வேண்டும்.

இப்போது நாம் பார்ப்பது 2016 டிசம்பரில் திறந்த லாஸ்கோ 4 என்ற நகல் குகை. லேசர் அளவீட்டைக் கொண்டு குகைச் சுவரின் மேடு பள்ளங்களை அப்படியே வார்த்து, அதன்மேல் ஓவியர்கள் கையால் தீட்டியிருக்கிறார்கள். மேடு பள்ளம் இங்கே முக்கியம்: பாறையின் புடைப்பைக் காளையின் தோளாகவும் வயிறாகவும் பயன்படுத்திக்கொண்ட அந்தப் பழைய கைகளின் நுட்பம் தட்டையான புகைப்படத்தில் தெரியாது, இந்தச் சுவரில் தெரிகிறது. நகல் என்பதற்காகத் தவிர்ப்பவர்கள் பெரிய இழப்புக்கு ஆளாகிறார்கள் என்றே நினைக்கிறேன். வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். கோடையில் ஆங்கில நேரங்களுக்கான சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள்.

அப்படியானால் அசல் ஓவியம் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாதா?

முடியும். லே செசிக்கு அருகிலுள்ள ஃபோன் த கோம் குகையில் பல வண்ணக் காட்டெருமை ஓவியங்களின் அசலையே இன்னும் காட்டுகிறார்கள். லாஸ்கோவுக்கு நேர்ந்தது இங்கும் நேராமலிருக்க ஒரு நாளைக்கு மிகச் சிலரையே அனுமதிக்கிறார்கள். பயண நாள் முடிவானதும் செய்ய வேண்டிய முதல் முன்பதிவு இதுதான். சீட்டு கிடைக்காவிட்டால் ரூஃபின்யாக் குகைக்குப் போங்கள்: மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே நீண்ட தூரம் உள்ளே போய், வரிவரியாக வரைந்த மாமத யானைகளைப் பார்க்கலாம். முன்னதாக லே செசியின் தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டால் குகையில் பார்ப்பது நன்றாகப் புரியும்.

கோட்டைகள் நிறைய இருக்கின்றனவே, எதைப் பார்ப்பது?

ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே நிற்கும் பேனாக், காஸ்தெல்நோ இரண்டையும். 1337 முதல் 1453 வரை நீண்ட நூறாண்டுப் போரில் காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கமும் பேனாக் பிரெஞ்சு அரசர் பக்கமும் நின்றன. காஸ்தெல்நோவில் இப்போது இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லெறி இயந்திரங்களைப் பிள்ளைகள் விட்டு நகர மாட்டார்கள்.

மிலாந்த் மாளிகையையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒடுக்குமுறைக்கு நடுவே பிறந்து, பிரான்சில் பெரும் புகழ் பெற்று, இரண்டாம் உலகப் போரில் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்துக்கு உழைத்த கறுப்பினக் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் 1947-இல் வாங்கிய வீடு அது. பல நாடுகளிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து அங்கே வளர்த்தார். கடனால் வீட்டை இழந்தார். 2021-இல் பிரெஞ்சு நாடு, பெருமக்களுக்கான பாரிஸ் நினைவிடமான பாந்தியோனில் அவருக்கு இடமளித்துப் போற்றியது.

நீச்சல் அரைகுறை, துடுப்புப் பிடித்ததே இல்லை. கனூவில் போகலாமா?

வித்ராக்கிலிருந்து பேனாக் வரை ஆறு மெதுவாகத்தான் ஓடுகிறது; துடுப்புப் போடுவதை முதல் அரை மணி நேரத்திலேயே கற்றுக்கொள்ளலாம். ஆனால் நீச்சலில் விட்டுக்கொடுக்க முடியாது: குறைந்தது 25 மீட்டர் நீந்தவும் தலை நீரில் முங்கினால் பதறாமல் இருக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே வேண்டாம். முதல் முறை போகிறவர்களுக்கு செனாக்கிலிருந்து பேனாக் வரையிலான சுமார் 9 கி.மீ. போதும், லா ரோக் கஜாக், காஸ்தெல்நோ, பேனாக் மூன்றையும் நீர்மட்டத்திலிருந்தே பார்த்துவிடலாம். வாடகை நிலையத்தார் தண்ணீர் புகாத பீப்பாய் ஒன்று தருவார்கள்; கைப்பேசியும் கார்ச் சாவியும் அதற்குள்.

நீந்தவே தெரியாதவர்கள் லா ரோக் கஜாக்கிலிருந்து கிளம்பும் கபார் என்ற தட்டையடிப் படகில் சுமார் ஒரு மணி நேரம் போய் வரலாம். முன்பு மரமும் மதுப் பீப்பாயும் ஏற்றிப் போன படகுகளின் அமைப்பு அது.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா?

அறிவிப்புப் பலகை அனுமதிக்கும் இடங்களில் மட்டும் குளியுங்கள். மேற்பரப்பு அமைதியாக இருந்தாலும் பாலத் தூண்களுக்கு அருகே சுழல் உண்டு; மேலே அணைகள் இருப்பதால் நீர்மட்டமும் மாறும்.

காட்டுப் பாதையில் வழி தவறிவிட மாட்டோமா?

மரங்களிலும் கற்களிலும் வண்ணக் கோடுகள் தீட்டியிருப்பார்கள். வெள்ளையும் சிவப்பும் என்றால் பல நாள் நடக்கும் நெடும்பாதை; மஞ்சள் மட்டும் என்றால் சில மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் சிறுபாதை. பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். நீளக் காற்சட்டை அணிந்து, திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதனால்தான் பரவுகிறது.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதிவரை வேட்டைப் பருவம். பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். பாதையில் வேட்டை அறிவிப்புப் பலகை வைத்திருந்தால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள். அவசர உதவிக்கு 112.

முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப்போகலாமா?

தாராளமாக. லாஸ்கோ 4-இல் சக்கர நாற்காலி போகும். ரூஃபின்யாக்கில் ரயில் உண்டு. கபார் படகில் உட்கார்ந்தே வரலாம். பேனாக் ஊரின் செங்குத்தான கல் பாதையில் நடக்கவைக்காமல், கோட்டைக்கு அருகிலுள்ள மேல் நிறுத்தம்வரை காரிலேயே போங்கள். மார்க்கேசாக் தோட்டத்தில் வட்டமாகக் கத்தரித்த புதர்களும் பள்ளத்தாக்கின் முழுக் காட்சியும் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் வியாழன் மாலைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. கிராமத்தில் சமாளிக்க முடியுமா?

சுற்றுலா இடங்களில் ஆங்கிலம் போதும். ஆனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் ‘போன்ஷூர்’ (வணக்கம்) சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரர் முறைத்தார் என்று என்னிடம் குறைப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான் விட்டிருந்தார்கள்.

வழியோரம் அக்ரூட் கொட்டிக் கிடக்கிறதே, பொறுக்கிக்கொள்ளலாமா? காளான்?

வேலி இல்லாவிட்டாலும் அது ஒருவருடைய தோப்பு. அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம். பொறுக்கக் கூடாது. காட்டுக் காளானும் நில உடைமையாளருக்கே சொந்தம், அனுமதி கேட்காமல் பறிப்பது குற்றம். அனுமதி கிடைத்துப் பறித்தாலும், நச்சுக் காளான்களைப் பிரித்தறியத் தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் காட்டாமல் சமைக்காதீர்கள். அக்டோபரில் சந்தையிலேயே புது அக்ரூட் விற்கும். பச்சை மணத்தோடு இருக்கும் அந்தப் பருப்பை அங்கேயே உடைத்துத் தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.